வீரிக்குப் பார்த்த மாப்பிள்ளை

திருமலைச்சாமி வெளுத்த வேட்டியும், தோளில் மடிப்புக் கலையாத துண்டும், நெற்றி நிறையத் திருநீறுமாகத் தம்பி வீட்டு வாசலில் வந்து நின்றதைப் பார்த்து அழகம்மாள் பதறிப்போனாள். யாரோ மண்டையைப் போட்டுவிட்டார்கள் என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. அப்புறம்தான் அவர் கையிலிருந்த தாம்பாளம் கண்ணில் பட்டது. வெற்றிலை பாக்கு, ஒரு சீப்பு மலைவாழை, நாலைந்து ஆயக்குடிக் கொய்யா, நடுவில் மஞ்சள் பூசின தேங்காய். பின்னால் அவர் மனைவி பொன்னுத்தாய், இருக்கிற ஒரே பட்டுச்சேலையில். அவளுக்கும் பின்னால், கழுத்தில் சிவப்பு ரிப்பன் கட்டிக்கொண்டு, உடம்பில் ஒரு பொட்டுக் கறை இல்லாத வெள்ளை வெளேர் ராஜா.

“பொண்ணு கேட்டு வந்திருக்கோம்,” என்றார் திருமலைச்சாமி.

“எங்க வீட்ல ஏது மச்சான் பொண்ணு? நான் பெத்தது ரெண்டும் ஆம்பளப் பயலுகள்ல?”

“வீரியக் கேட்டு வந்திருக்கோம் ஆத்தா. நம்ம ராஜாவுக்கு.”

அழகம்மாள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். மாட்டுக் கொட்டத்துக்குள் சாக்குமேல் படுத்திருந்த வீரி, தன் பேர் அடிபடுவதைக் கேட்டு ஒரு காதை மட்டும் தூக்கிப் பார்த்தது.

இதற்காக யாரும் சிரிக்க வேண்டாம். கொடைக்கானலுக்கு மேற்கே பஸ் நின்றுபோகிற இடத்திலிருந்தும் இன்னும் உள்ளே தள்ளிக் கெடக்கிற கரடிப்பள்ளத்தில் பூண்டும் உருளைக்கிழங்கும்தான் பிழைப்பு. அந்தப் பிழைப்பில் மண்ணை அள்ளிப்போடக் காட்டுப்பன்றி கூட்டம் கூட்டமாக வரும். நாய் இல்லாத வீட்டில் வெள்ளாமை வீடு வந்து சேராது. அதனால் நாய்க்கு ஜோடி சேர்ப்பது அங்கே விளையாட்டுக் காரியமில்லை. ஆண் நாய் வீட்டார் தட்டுத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். பெட்டை வீட்டார் தேங்காயைத் தொட்டால் சம்மதம். முறை பார்ப்பார்கள், மனுசருக்கு எப்படியோ அப்படியே. அண்ணன் தங்கை ஆகவே ஆகாது. மாமன் மகள், அத்தை மகன் என்றால் பேஷாகச் சேர்க்கலாம். அப்படி முறை சரியாக இருந்தும் பெட்டை வீட்டார் மாட்டேன் என்றால் ஊர் கூடிக் காரணம் கேட்கும். காரணம் ஊருக்கு ஒப்பவில்லையென்றால் பெட்டையை அனுப்பித்தான் வைக்க வேண்டும்.

“முறையும் அம்சமா இருக்கு,” என்றார் திருமலைச்சாமி. “ராஜாவப் பெத்தவளும் வீரியோட அப்பனும் ஒரு வயித்துக் குட்டிக. வீரி இவனுக்கு மாமன் மக. உரிமைப் பொண்ணு ஆத்தா!”

அழகம்மாள் ராஜாவைப் பார்த்தாள். ராஜா எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தான். அவனோடு ஒரே வயிற்றில் பிறந்த பால்முத்து அவள் வீட்டில்தான் வளர்ந்தான். அதே வெள்ளை, அதே ரோஸ் மூக்கு. பிறவிச் செவிடு. அந்த ஈற்றில் வந்த இன்னும் ரெண்டு செவிட்டுக் குட்டிகளைக் கூடையில் போட்டு ஓடைப் பக்கம் கொண்டுபோனார்கள், அதுவும் ஊர் வழக்கம்தான். பால்முத்துவை மட்டும் அழகம்மாள் மடியில் கட்டிக்கொண்டு ஓடிவந்துவிட்டாள். போன அறுப்பில் பூண்டுக் காட்டில் பன்றி அவனை முதுகுப் பக்கமாக வந்து குத்தியது. அவள் மேட்டில் நின்று “ஏலே முத்து! ஏலே முத்து!” என்று தொண்டை கிழியக் கத்தினாள். அழகம்மாள் கத்தினால் எதிர்மலையில் விறகு பொறுக்குகிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். அன்றைக்கும் பார்த்தார்கள். பார்க்க வேண்டியவன் மட்டும் பார்க்கவில்லை.

அதனால் இந்த ரத்தத்தோடு வீரியைச் சேர்ப்பதில்லை என்று அவள் முன்னமே முடிவு பண்ணி வைத்திருந்தாள். அதோடு வீரிக்கு இதுதான் முதல் பருவம். அதுவே இன்னும் செருப்பைக் கடிக்கிற குட்டி.

“முடியாதுங்க மச்சான்,” என்று அவள் மெதுவாகச் சொல்லத்தான் நினைத்தாள். வாயை விட்டு வெளியே வந்தபோது கூரைமேல் நின்ற சேவல் இறக்கையை அடித்துக்கொண்டு அடுத்த வீட்டில் போய் இறங்கியது. பொன்னுத்தாய் காதைப் பொத்திக்கொண்டாள். திருமலைச்சாமிக்கு முகம் சிவந்துபோயிற்று. “உரிமைப் பொண்ணை இல்லேங்குறியா? சரி, ஊர்ல பேசிக்குவோம்!” என்று தாம்பாளத்தோடு திரும்பிவிட்டார்.

“ஏன் அழகு இப்படி? அண்ணன் மனசு சங்கடப்படும்ல?” என்றான் ராமர். அவன் அழகம்மாளின் புருசன், திருமலைச்சாமியின் தம்பி. ரெண்டு பக்கமும் இடிபடுவதற்கென்றே பிறந்தவன்.

“உங்க அண்ணன் மனசு நல்லாத்தான் இருக்கும். வீரி வயித்துல பொறக்குறது என்ன ஆகும்னு யோசிச்சீங்களா?”

ராமர் யோசித்தான். யோசித்துவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போய்விட்டான்.

திருமலைச்சாமி இவ்வளவு அவசரப்பட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. அட்டுவம்பட்டிப் பக்கம் பங்களா வாங்கிக்கொண்டு வந்திருந்த சுவாமிநாதன் என்று ஒரு ரிட்டயர்டு ஆபீசர், ராஜாவைக் கடைவீதியில் பார்த்துச் சொக்கிப்போய், “இதே மாதிரி ஒரு மேல் பப்பி, ஆண்குட்டி வேணும். ப்யூர் ஒயிட். வர்ற சீசன்ல டாக் ஷோவுல நிறுத்துறேன். உங்க ஊர் பேர் இங்கிலீஷ் பேப்பர்ல வரும்,” என்று சொல்லியிருந்தார். சீனாக்காரன் சண்டை முடிந்த மறுவருசம் அது. பேப்பரில் பேர் வருவதென்றால் அவ்வளவு பெரிய விசயம். திருமலைச்சாமி மார்தட்டி வாக்குக் கொடுத்துவிட்டார்.

*

ஊர் மந்தையில் கூடிற்று. அறுப்பு முடிந்த சமயம், யாருக்கும் கை சும்மா இருக்க நேரமில்லை. ஆணும் பெண்ணும் பூண்டுக் குவியலைச் சுற்றி உட்கார்ந்து தாளைப் பின்னிக் கட்டுக் கட்டிக்கொண்டேதான் வழக்குப் பேசுவார்கள். கரடிப்பள்ளத்து வழக்குக்கு ஒரு சட்டம் உண்டு. எவர் குரலை உயர்த்தினாலும், எவர் கெட்ட வார்த்தை சொன்னாலும், வழக்கை நடத்துகிற பெரியதனக்காரர் ஒரு பூண்டுப்பல்லை உரித்து நறுக்கென்று ஒரு கடி கடிக்கச் சொல்லி வாயில் அடக்கிக்கொள்ளச் செய்வார். அடுத்த ஆள் தப்புச் செய்கிறவரைக்கும் முதல் ஆள் துப்பவும் கூடாது, பேசவும் கூடாது. மலைப்பூண்டின் காரம் தெரிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. அந்த ஊரில் அண்ணன் தம்பி வழக்கெல்லாம் அடிதடி இல்லாமல் முடிந்ததற்கு இதுதான் காரணம்.

பெரியதனக்காரர் பொன்னுச்சாமி தொண்டையைச் செருமினார். “பெட்டை வீட்ல மொதல்ல காரணத்தச் சொல்லட்டும். பதனமா, மரியாதையா.”

அழகம்மாள் எழுந்தாள். ராத்திரியெல்லாம் பதனமாகப் பேசிப் பார்த்து வைத்திருந்தாள். “பெரியவங்களுக்குக் கும்பிடுங்க. எங்க வீரி சின்னப்புள்ளைங்க. அத ஒரு பங்களாக்காரரோட பேப்பருக்காக இந்த அவசரத்துல எவனாவது...”

“எவனா!” என்றார் திருமலைச்சாமி.

“சத்தம்,” என்றார் பெரியதனக்காரர். ‘எவனாவது’ என்றபோது முதலில் எகிறியது அவள் குரல்தான், அதனால் பூண்டுப்பல் அழகம்மாளிடம் போயிற்று. ரெண்டரை வாக்கியம்தான்! கண்ணில் நீர் முட்ட அவள் உட்கார்ந்தாள். ராமர் அனுதாபத்தோடு பார்த்தான். அந்தப் பார்வையில் கொஞ்சம் நிம்மதியும் இருந்ததோ என்று அவளுக்குச் சந்தேகம்.

மாப்பிள்ளை வீட்டுக் கட்சி ஜோராக நடந்தது. பொன்னுவேல் என்கிறவர் முறைக் கணக்கில் புலி. விரலை மடக்கி மடக்கி, ராஜாவின் தாய்வழி, வீரியின் தகப்பன்வழி என்று ஏழெட்டு நாய்களைப் பேர் சொல்லி வரிசையாக நிறுத்தி, “அப்பழுக்கில்லாத முறை. எங்க வீட்லகூட இவ்வளவு சுத்தமா அமையல,” என்று தீர்ப்புச் சொன்னார். உடனே குட்டிக்கு ஆள் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கொரு வெள்ளைக் கடுவன், எனக்கொரு வெள்ளைக் கடுவன் என்று மந்தையே கேட்டது. பெட்டைக்குட்டி கேட்டவர் ஒருத்தர் இல்லை. புள்ளிக்குட்டி கேட்டவரும் இல்லை. வாயில் பூண்டோடு அழகம்மாள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டாள்.

சுவாமிநாதனும் வந்திருந்தார். கோட்டும் கம்பளித் தொப்பியுமாக நாற்காலியில் உட்கார்ந்து, தங்கமான மரியாதையோடு பேசினார். “உங்ககிட்ட இருக்கிறது ரொம்ப ரேர் லைன். வம்சம் கெட்டுடக் கூடாது. வெளி நாயோட சேத்தா கலர் போயிடும்.”

“கலர் போனாப் போகட்டுமே சாமி,” என்று பின்னாலிருந்து ஒரு குரல். “பன்னி என்ன கலர் பாத்தா ஓடுது?”

எல்லாரும் சிரித்தார்கள். சுவாமிநாதனுக்குச் சுருக்கென்றது. “நான்சென்ஸ்!” என்று போட்டார் ஒரு போடு.

பெரியதனக்காரர் ஒரு பூண்டை எடுத்து உரித்தார்.

“அதுக்கு என்ன அர்த்தம்னே உங்களுக்குத் தெரியாதே!” என்றார் சுவாமிநாதன் பரிதாபமாக.

“அர்த்தம் தெரியலீங்க. சத்தம் தெரியுது.”

பாவம், கடித்தார். தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். மூக்கு ராஜாவின் மூக்குக் கலருக்கு வந்துவிட்டது. அழகம்மாள் தன் பூண்டைத் துப்பிவிட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்து, இந்தத் தடவை தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். தரையைப் பார்த்தால் சத்தம் குறையும் என்று ராமர் சொல்லிக்கொடுத்திருந்தான்.

“நெருங்கின சொந்தத்துக்குள்ளயே சேத்தா எங்க பால்முத்து மாதிரிச் செவிடுதாங்க வரும். வெள்ளைக் கடுவனுக்கு எல்லாரும் கை தூக்கியாச்சு. ஒரு ஈத்துக்கு ஒம்பது குட்டி போட்டா, பெட்டையும் புள்ளியும் செவிடும் யாருக்குங்க? ஓடைக்கா?”

பொன்னுவேல்தான் வாயைத் திறந்தார். “ஏம்மா, நெருங்கின சொந்தம் கூடாதுங்குறியே, நீயும் ராமரும் யாரு? மாமன் மகன், அத்தை மக. இங்க உக்காந்திருக்கிற பாதிப் பேரு அப்படித்தான் கட்டியிருக்கோம். எங்களையெல்லாம் குத்தம் சொல்றியா?”

மந்தையில் முணுமுணுப்புக் கிளம்பிற்று. பூண்டுக் கட்டுகள் பாதியில் நின்றன. இதுதான் அவள் பயந்த இடம். அவள் இன்னும் கொஞ்சம் தரையைப் பார்த்தாள்.

“குத்தம் சொல்லலீங்க அண்ணே. நமக்குப் புள்ள எப்படிப் பொறந்தாலும் நாம வளப்போம். கண்ணு தெரியாட்டியும் வளப்போம், காது கேக்காட்டியும் வளப்போம். கூடையில போட மாட்டோம்ல? குட்டிக்கு அந்தச் சத்தியத்த யாரு பண்ணித் தரப்போறீங்க? பண்ணித் தர முடியலேன்னா, பொறக்க வைக்கிறதுக்கு முன்னாடி யோசிக்க வேண்டியது நம்ம சோலிதானே.”

முணுமுணுப்பு அடங்கிற்று. பெண்கள் பக்கம் யாரோ “சரியாத்தானே கேக்குறா” என்றார்கள். அழகம்மாளுக்கு உள்ளுக்குள் குதிக்க வேண்டும் போலிருந்தது. அந்தத் தெம்பில்தான் காரியம் கெட்டது.

“பால்முத்து செவிடாப் பொறந்தது கிரகணத்தால,” என்றார் திருமலைச்சாமி. “தாய்நாய் அன்னிக்கு வெளிய திரிஞ்சுச்சு, ஊருக்கே தெரியும். ராஜாவுக்கு என்ன குறை? சொல்லட்டும் பாப்போம்.”

“கிரகணமாவது மண்ணாங்கட்டியாவது!” அழகம்மாள் போட்ட சத்தத்தை எதிர்மலை திருப்பிச் சொன்னது.

பெரியதனக்காரர் உரித்துக் கொடுத்தார். சுவாமிநாதன் தன் பூண்டைத் துப்பிவிட்டு அவளைக் கும்பிடாத குறையாகப் பார்த்தார்.

திருமலைச்சாமிக்கு இப்போது மைதானம் காலி. ராஜாவைப் பற்றி மனம் திறந்து பேசினார். “இவனக் காட்டுக்கு அனுப்பினதே இல்ல. இது பங்களா ரத்தம். வீட்ல என் பக்கத்துலதான் படுக்கை. பாருங்க அவன் தோரணைய! மத்த நாயெல்லாம் ஒரு இலை விழுந்தா லொள்ளுங்குது. இவன்? தீவாளிக்கு வெடி வெடிச்சப்பகூடத் திரும்பிப் பாக்கல. கண்டதுக்கெல்லாம் திரும்பாத கம்பீரம்!”

ராஜா சபைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெயில் விழுந்த பாறைமேல் படுத்திருந்தான். பார்த்தால் ராஜா மாதிரித்தான் இருந்தது.

பிறந்ததிலிருந்து இவ்வளவு நேரம் அழகம்மாள் பேசாமல் இருந்ததில்லை. பேச முடியாதவளுக்குப் பார்ப்பதைத் தவிர வேறு என்ன வேலை? அவள் பார்த்தாள். பொன்னுத்தாய் எட்டி ஒரு பூண்டுக் கட்டை எடுக்கும்போது தகர வாளி ஒன்று பாறையில் உருண்டு தடதடவென்று பள்ளத்தில் இறங்கிற்று. மந்தையைச் சுற்றிக் கிடந்த அத்தனை நாயும் எழுந்து நின்றன. வீரி குரைத்தே விட்டது. ராஜாவின் காது அசையவில்லை. தலையைத் திருப்பாதது கம்பீரமாக இருக்கலாம். காது நுனிகூடவா கம்பீரம் பார்க்கும்? பால்முத்துவின் காது இப்படித்தான் இருக்கும். வெளியே போகும்போது இவள் கையைப் பார்ப்பான், காலடி அதிர்ந்தால் எழுந்திருப்பான். ராஜாவும் திருமலைச்சாமியின் கையையே அல்லவா பார்க்கிறான்!

ஐயோ, இதைச் சொல்லியாக வேண்டும். வாயிலோ பூண்டு. “அப்ப ஊர் முடிவைச் சொல்லிடலாமா?” என்று பெரியதனக்காரர் துண்டை உதறிவிட்டார். யாராவது கத்தித் தொலைய மாட்டார்களா என்று அழகம்மாள் சுற்றிலும் பார்த்தாள். பாவிகள், அத்தனை பேரும் அன்றைக்கென்று பார்த்துத் தங்கக் கம்பிகளாக உட்கார்ந்திருந்தார்கள். அவள் மெல்ல நகர்ந்து ராமர் பக்கத்தில் போய், அவன் இடுப்புச் சதையைப் பிடித்து முழு பலத்தோடு ஒரு திருகு திருகினாள்.

“ஐயையோ, ஆத்தாடி!” என்று ராமர் ஆளுயரத்துக்கு எழும்பினான்.

“சத்தம்,” என்றார் பெரியதனக்காரர்.

“பெரியப்பா, இவதான்...”

“காரணம் கேக்கிற வழக்கம் கெடையாதுப்பா. வாயத் திற.”

அழகம்மாள் தன் பூண்டைத் துப்பினாள். வாய் எரிந்தது, கண் எரிந்தது, ஆனாலும் குரலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். “மச்சான், ஒண்ணே ஒண்ணு. ராஜாவக் கூப்பிடுங்க. கையக் காட்டாம, கால உதைக்காம, வாயால மட்டும்.”

“இதென்ன பெரிய காரியம். ராஜா! ஏலே ராஜா! ராஜாக்கண்ணு!”

ராஜா வெயில் காய்ந்துகொண்டிருந்தான்.

“பாத்தீங்களா கம்பீரத்த?” என்றார் திருமலைச்சாமி. ஆனால் அவர் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

அழகம்மாள் சொல்லிவிட்டிருக்கலாம். உங்க நாய்க்குக் காது கேக்காது மச்சான் என்று நாலு வார்த்தை. அவர் நம்பமாட்டார், அவமானம் என்றுதான் எடுத்துக்கொள்வார், வழக்கு இன்னும் முறுக்கும். அவள் பெரியதனக்காரரைப் பார்த்துக் கும்பிட்டாள். “பெரியவரே, அபராதத்த முன்னாடியே குடுத்திருங்க. நான் இப்பத் தப்புப் பண்ணப்போறேன்.” அவர் புரியாமல் விழித்தார். அவளே கூடையிலிருந்து ஒரு முழுப் பூண்டை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு நடந்து போய், ராஜாவுக்குப் பின்னால் ரெண்டு முழம் தள்ளி நின்றாள். மூச்சை இழுத்தாள். பால்முத்துவுக்காகக் கத்தின அதே கத்து.

“ஏலே ராஜாஆஆஆ!”

மந்தை மரத்திலிருந்த காக்காய் அத்தனையும் கிளம்பிற்று. தொட்டிலில் கிடந்த பிள்ளைகள் வீறிட்டன. சுவாமிநாதன் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார். ராமர் வாயிலிருந்த பூண்டை முழுங்கியேவிட்டான். கீழே ரோட்டில் போன லாரிகூட நின்று, டிரைவர் இறங்கிச் சக்கரத்தைப் பார்த்ததாக அப்புறம் சொன்னார்கள்.

ராஜா மூக்கில் உட்கார்ந்த ஈயை ஒரு பாதத்தால் விரட்டிவிட்டு மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டான்.

பெரியதனக்காரரின் கை பழக்கத்தில் பூண்டுக்குப் போய், பிறகு அதைக் கீழே வைத்துவிட்டது. திருமலைச்சாமி எழுந்து வந்தார். ராஜாவின் பின்னால் குந்தி உட்கார்ந்தார். “ராஜா,” என்றார் மெதுவாக. காதுக்குக் கிட்டே கையைத் தட்டினார். இன்னொரு தரம் தட்டினார். கடைசியில் முதுகைத் தொட்டார். ராஜா துள்ளித் திரும்பி, அவர் முகத்தைப் பார்த்தானோ இல்லையோ, வாலை ஆட்டி ஆட்டி அவர் திருநீறையெல்லாம் நக்கிவிட்டான்.

“கேக்கலையா?” என்றார் திருமலைச்சாமி. “ஒண்ணுமே கேக்கலையா? மூணு வருசமா எல்லாத்தையும் இவன்கிட்டதானே ஆத்தா சொல்லிட்டிருந்தேன். கெட்டது நல்லது எல்லாம். வீட்ல எனக்குப் பேச எங்க முறை வருது?”

எல்லாரும் பொன்னுத்தாயைப் பார்த்தார்கள். பொன்னுத்தாய்க்கு வாயில் வார்த்தை வரவில்லை. ஊரில் அது ஒரு அதிசயம், ஆனால் ரசிக்கிற நிலையில் யாரும் இல்லை.

ஜெயித்துவிட்டோம் என்கிற சந்தோசம் அழகம்மாளிடம் ஒரு நிமிசம்கூட நிற்கவில்லை. அவளும் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தாள். இந்தத் தடவை தரையைப் பார்க்காமலே அவள் குரல் சின்னதாக வந்தது.

“பால்முத்துவும் இப்படித்தான் மச்சான் முகத்தையே பாப்பான். அன்னிக்கு அவன் எனக்கு முதுகக் காட்டிட்டு நின்னான். பன்னி புதருக்குள்ளருந்து வருது, எனக்குத் தெரியுது. நான் கத்துறேன். இந்த ஊர்லயே பெரிய தொண்டை எனக்குத்தான், அது எதுக்கு மச்சான் உதவுச்சு? உங்க ராஜாவக் காட்டுக்கு அனுப்பாம பக்கத்துல வச்சிருந்தீங்க, பொழச்சுக் கெடக்கான். இவன் புள்ளைகள இங்க ஆளுக்கொண்ணா எடுத்துட்டுப் போயி எந்தக் காட்டுல நிறுத்துவாங்களோ. ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி நின்னு கத்த என்னால முடியாது.”

திருமலைச்சாமி ரொம்ப நேரம் ராஜாவின் காதைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு மந்தைக்குப் போய், தாம்பாளத்தைக் கையில் எடுத்தார்.

“மாப்பிள்ளை வீட்டுக்கே இதுல சம்மதமில்லைங்க,” என்றார்.

சுவாமிநாதன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். “எனக்கும் வேண்டாம். கண்ணுக்கு அழகா இருக்கான்னு மட்டும் பாத்துட்டேன். சாரிம்மா,” என்றார் அழகம்மாளிடம். பூண்டு வாசத்தில் அவர் சொன்ன சாரி நாலு அடி தூரம் வீசியது.

“அப்ப வீரிக்கு?” என்றார் பொன்னுவேல், மடக்கின விரலை இன்னும் பிரிக்காமல்.

“வீரி இன்னும் சின்னப்புள்ள. ஒண்ணு ரெண்டு வருசம் போகட்டும்,” என்றார் திருமலைச்சாமி. “மாப்பிள்ளைய நானே தேடுறேன். வத்தலக்குண்டுப் பக்கம், நம்மகூட ஒட்டும் உறவும் இல்லாத எடமா. கலர் எதுவா இருந்தா என்ன? எத்தனை குட்டி வந்தாலும் வளக்க ஆள் சொன்ன பெறகுதான் தேங்காயத் தொடுறது. பாக்கப் போறப்ப அழகம்மாளையும் கூட்டிட்டுப் போவேன்.”

“நான் எதுக்கு மச்சான்?”

“மாப்பிள்ளைக்குப் பின்னால நின்னு கத்துறதுக்கு.”

மந்தை வெடித்துச் சிரித்தது. பெரியதனக்காரர் பூண்டுத் தோல் பறக்கச் சிரித்தார். ராமர் இடுப்பைத் தேய்த்துக்கொண்டே சிரித்தான். அழகம்மாளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து எது எதுவென்று தெரியவில்லை. வீரி எல்லார் காலுக்குள்ளும் புகுந்து புகுந்து ஓடி, கடைசியில் சுவாமிநாதனின் ஒற்றைச் செருப்பைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

பொழுது சாயும்போது ரெண்டு வீட்டாரும் ஒரே வழியில்தான் திரும்பினார்கள். திருமலைச்சாமியும் ராஜாவும் முன்னால். பாதையைப் பார்க்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நடந்ததில் ராஜா ரெண்டு இடத்தில் கல்லில் இடறினான்.

“உனக்குப் பொண்ணு அமையலடா,” என்று அவனிடம் சொல்லிக்கொண்டு போனார் திருமலைச்சாமி. “தர மாட்டேன்னுட்டாங்க. நானும் வேண்டாம்னு சொல்லிட்டேன். எம்மேல கோவமா? அவ கத்துனா பாரு ஒரு கத்து, அடேயப்பா, நீ கேட்டிருக்கணும்டா.” மந்தையில் நடந்ததை ஆதியிலிருந்து ஒன்று விடாமல் அவனுக்குச் சொன்னார். அழகம்மாள் வீரியை இழுத்துப் பிடித்துக்கொண்டு பின்னால் தள்ளி நடந்தாள். பொன்னுத்தாய் புருசனுக்குப் பக்கத்திலேயே, குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல், அத்தனையையும் கேட்டுக்கொண்டே நடந்தாள்.